மூத்த குடிமக்கள் திட்டத்தை விட்டுவிட்டீர்களே!

ஓய்வுப் பணத்தை மொத்தமாக வங்கி டெபாசிட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறது உங்கள் கட்டுரை. அவசரத்துக்குக் கொஞ்சம் அங்கே இருக்கட்டும், சரி. ஆனால் 60 தாண்டியவர்களுக்குத் தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருப்பதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். 2023 ஏப்ரலில் அதில் போடக்கூடிய பணத்தின் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது. அந்த ஆண்டுதான் நான் 10 லட்சம் போட்டேன், 8.2 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வருகிறது. நடுவில் அரசு வட்டியைக் குறைத்தாலும் ஐந்து வருடத்துக்கு நமக்குக் குறையாது. (விலைவாசி ஏறினாலும் வட்டி ஏறாது, அது வேறு விஷயம்!) ஒரே தொல்லை, மூன்றாவது மாதம் வந்தால் கையில் காசு தீர்ந்து, மளிகைக்கடை கடன் நோட்டில் என் பெயர் ஏறிவிடும். அதற்காகவே வீட்டுக்காரி பெயரில் மாத வருமானத் திட்டத்திலும் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன்.