வடதுருவ ஒளி பார்க்கப் போகிறவர்களுக்கு: எட்டுப் பேர் வண்டியில் போங்கள்

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டிரோம்சோ போறோம். வடதுருவ ஒளி பார்க்கப் பெரிய பஸ் டூர் இருக்கு. எட்டுப் பேர் வேன்ல போனா அதுக்கு இரண்டு மடங்கு காசு கேக்கறாங்க. ஒளி எல்லாருக்கும் ஒண்ணுதானே, எதுக்கு அவ்வளவு குடுக்கணும்?" நானும் இப்படித்தான் நினைத்தேன். முதல் ராத்திரி பஸ்ஸிலும் இரண்டாம் ராத்திரி வேனிலும் போய் வந்தேன். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

போனது நானும் அப்பாவும். அப்பா பாளையங்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருஷம் அறிவியல் வாத்தியார். சட்டக் காந்தத்தை மேஜைமேல் வைத்து, அதன்மேல் வெள்ளைக் காகிதத்தைப் பரப்பி, இரும்புத்தூளைத் தூவி, காகிதத்தை ஒரு விரலால் லேசாகத் தட்டுவார். தூள் எல்லாம் வளைவு வளைவாக வரிசை கட்டி நிற்கும். பூமியும் இப்படி ஒரு காந்தம்தான் என்று சொல்லிவிட்டு, அதனால்தான் துருவத்தில் ராத்திரி வானம் பச்சையாக எரியும், அதுதான் துருவ ஒளி என்று முடிப்பார். அவர் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. 68 வயதில் அவரைக் கூட்டிப் போய்க் காட்டிவிட வேண்டும் என்று மூன்று வருஷம் காசு சேர்த்தேன்.

டிரோம்சோ வட நார்வேயில் ஒரு தீவு நகரம். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நாங்கள் போனது பிப்ரவரி கடைசியில். பகலில் வெளிச்சம் இருந்தது, ராத்திரியும் நன்றாக இருட்டியது.

முதல் ராத்திரிக் கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் ஐம்பது பேர். முக்கால் மணி நேரம் ஓட்டி ஒரு கடலோர வண்டி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். வானம் முழுக்க மேகம். ஒன்றரை மணி நேரம் நின்றோம். "வேறு எங்காவது போகலாமா?" என்று கேட்டேன். இந்த இடத்துக்குத்தான் திட்டம், பஸ்ஸை இதற்கு மேல் சின்ன ரோட்டில் திருப்ப முடியாது என்றார்கள். சுற்றிலும் யாரோ ஃபிளாஷ் போட்டபடியே இருந்ததால் கண் இருட்டுக்குப் பழகவே இல்லை. அப்பாவுக்குக் கால் விரல் மரத்துப்போனது. யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் கைடு யார், பயணி யார் என்று அடையாளம் காணவே நேரமானது. திரும்பி வரும்போது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

நம் ஆட்கள் எல்லாரும் போனில் ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு கேபி எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். "இன்னைக்கு கேபி 2தான், ஒண்ணும் தெரியாது" என்று ரூமிலேயே படுத்துவிடுகிறவர்கள் உண்டு. கேபி என்பது பூமி முழுவதற்கும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடும் எண். 0 முதல் 9 வரை போகும். பூமியின் காந்தப் புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதற்கு அது ஒரு பொதுவான அளவு, அவ்வளவுதான். 2024 மே மாதம் வந்த பெரும் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயிலிருந்தே சிவப்பு ஒளியைப் படம் பிடித்தார்களே, அப்படித் தெற்கே வரை தெரிய வேண்டுமானால்தான் பெரிய கேபி வேண்டும். இந்த ஒளி பூமியின் காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக எரிகிறது. டிரோம்சோ அந்த வளையத்துக்கு நேர் அடியில் இருக்கிறது. அங்கே கேபி 1, 2 இருந்தாலே போதும். அங்கே நம்மை ஏமாற்றுவது சூரியன் இல்லை, மேகம். ஒளி எரிவது 100 கிலோமீட்டருக்கும் மேலே. மேகம் ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. அது விலகாவிட்டால் மேலே என்ன திருவிழா நடந்தாலும் நமக்குக் கூரைதான் தெரியும்.

ஆகவே அந்த ஊரில் ஒளியைத் தேடுவது என்றால் மேகத்தில் ஓட்டை தேடுவதுதான். அதற்கு வண்டி திரும்ப வேண்டும், சின்ன ஒதுங்கிடத்தில் நிற்க வேண்டும். முடிவெடுக்கத் தெரிந்த ஒருவர் முன்சீட்டில் இருக்க வேண்டும். நாம் காசு கொடுப்பது அந்த முடிவுக்கு. ஒளிக்கு யாரும் விலை போட முடியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு வேன் வந்தது. எங்களோடு எட்டுப் பேர். நார்வேயில் சாதாரணக் கார் லைசென்ஸில் ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேரை ஏற்றலாம், அதனால்தான் சிறு குழு என்றால் பெரும்பாலும் எட்டு. ஆனால் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டும் சிறு குழு என்று விளம்பரம் போடுகிறார்கள். எண்ணிக்கையைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் கைடுதான் ஓட்டுநரும். நாற்பது வயதுக்காரப் பெண், இன்னும் வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன்பிடி ஊர்க்காரர். எங்களைப் பார்த்ததும் "வணக்கம்" என்றார். அப்பா ஆடிப்போய்விட்டார். அவருடைய ஊர் மீன் ஆலையில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்களாம், அவர் வகுப்பில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் படித்தார்களாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போருக்குத் தப்பி வந்த நம் ஆட்கள் அந்தக் குளிரில் நின்று மீன் வெட்டிப் பிழைத்த ஊர்கள் அவை. நாம் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு குளிர் பற்றி முனக எனக்கு மனம் வரவில்லை.

வண்டியைக் கிளப்புவதற்கு முன் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். மடியில் ஒரு டேப்லெட். அதில் மேகத்தின் செயற்கைக்கோள் படம், நார்வே வானிலைத் துறையின் மணிவாரிக் கணிப்பு, நெடுஞ்சாலைக் கேமராக்கள். எங்களுக்கும் காட்டினார். "கடலோரம் முழுக்க மூடியிருக்கு. மேற்கிலிருந்து வர்ற ஈரக்காத்தை லிங்கென் மலை தடுத்துடும், மலைக்குக் கிழக்கே ஷிபோட்ன் பக்கம் வறண்ட காத்து. அங்கேயும் சரியா வரலேன்னா எல்லை தாண்டி பின்லாந்து. பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்களா?" நான் மொழிபெயர்த்துச் சொல்லும் முன்பே அப்பா தலையாட்டினார். "நம்ம ஊர் கதைதானம்மா இது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல கொட்டும், இந்தப் பக்கம் நாம அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்போம்." மழை மறைவுப் பிரதேசத்தில் பிறந்தவருக்கு ஆர்க்டிக் வானிலையைத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஷிபோட்னில் மேகம் விலகி விலகி மூடியது. அங்கேயே நில்லாமல் மேலே ஏறினார். டிரோம்சோவிலிருந்து ஏறக்குறைய 165 கிலோமீட்டர் தள்ளி, பின்லாந்தின் கில்பிஸ்யார்வி. எல்லை தாண்டியதும் போனில் மணி ஒன்று கூடியது. கடலோரத்தில் மைனஸ் 3 இருந்தது இங்கே மைனஸ் 21. அட்லாண்டிக் வெந்நீரோட்டத்தின் தயவில் டிரோம்சோவில் அவ்வளவு குளிராது, உள்ளே போகப் போகத்தான் தெரியும். வேனிலிருந்து முழு உடம்பையும் மூடும் உடுப்பும் பெரிய பூட்ஸும் கொடுத்தார். இரண்டு ஜோடி சாக்ஸை இறுக்கிப் போட்டிருந்த அப்பாவிடம் ஒன்றைக் கழற்றச் சொன்னார். இறுக்கினால் ரத்தம் ஓடாதாம், விரல் மரத்துப்போக அதுதான் காரணமாம். முந்தின ராத்திரி ஐம்பது பேரில் யார் வந்து அப்பாவின் சாக்ஸைப் பார்த்தார்கள்?

முதலில் வடக்கே ஒரு சாம்பல் பட்டை தெரிந்தது. அப்பா "மேகம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கைடு என் போனை வாங்கி முக்காலியில் வைத்து, கேமராவை மூன்று விநாடி திறந்து வைத்துப் படம் எடுத்தார். திரையில் பச்சை. இதை எல்லாரும் தெரிந்துகொண்டு போங்கள். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் திறன் குறைவு. கேமரா சேர்த்து வைத்துக் காட்டுவதைக் கண் அந்தந்தக் கணத்தில்தான் பார்க்கும். போட்டோவில் இருக்கிற அளவுக்குப் பச்சையாக எப்போதும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். அந்தச் சாம்பல் பட்டை ஒன்றேகால் மணி நேரம் அப்படியே கிடந்தது. ஒருவர் போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். கைடு மட்டும் "பொறுங்க, அடிப்பக்க விளிம்பு கூர்மையாகுது" என்றார்.

அப்புறம் நடந்ததை எழுத முயல்கிறேன். பட்டையின் கிழக்கு ஓரம் திரைச்சீலையைக் காற்று தள்ளினதுபோல் ஒரு முறை மடிந்தது. அந்த மடிப்பு வானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. இப்போது கண்ணுக்கே பச்சை தெரிந்தது. கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று எல்லாம் தலைக்கு நேர் மேலே வந்து, ஒரு புள்ளியிலிருந்து நாலா பக்கமும் கதிர் கதிராக விரிந்தது. சத்தமே இல்லை. காலடியில் பனி பச்சையாக மின்னியது. அப்பா கையுறையைக் கழற்றிவிட்டு, ஆள்காட்டி விரலால் காற்றில் தட்டினார். வகுப்பில் காகிதத்தைத் தட்டுவதுபோல. "கோடு தெரியுதா? ஒவ்வொரு கோடும் காந்தப் புலக் கோடு. இரும்புத்தூளே வேண்டாம் பாரு" என்றார். எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

வேனில் திரும்பும்போது அப்பா பேசிக்கொண்டே வந்தார். பச்சை என்பது ஆக்சிஜன், 100 கிலோமீட்டருக்கு மேலே. 200 தாண்டினால் அதே ஆக்சிஜன் சிவப்பு. அடியில் ஓடிய இளஞ்சிவப்பு நைட்ரஜன். சூரியத் துகள் நேரே வந்து துருவத்தில் விழுகிறது என்று தான் சொல்லிக் கொடுத்தது பாதிதான் சரி என்றார். சூரியக் காற்று பூமியின் காந்தப் புலத்தை இரவுப் பக்கம் வால்போல இழுத்து நீட்டுகிறது, அந்த வால் அறுந்து மறுபடி சேரும்போது எலெக்ட்ரான்கள் நம் பக்கம் வீசப்படுகின்றன. ஒரு மணி நேரம் சும்மா கிடந்தது சட்டென்று ஆட ஆரம்பித்தது அதனால்தான். நேரம் பார்த்துப் பதினோரு மணிக்குக் கிளம்பும் பஸ்ஸில் போயிருந்தால் இது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

"நாங்களே கார் வாடகைக்கு எடுத்துப் போறோம்" என்பவர்களுக்கு என் பதில், தயவுசெய்து வேண்டாம். நாம் ஐஸ் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள் இல்லை. ஒளி தெரிந்த உற்சாகத்தில் நடு ரோட்டில் லைட்டை அணைத்து நிறுத்துகிறவர்களை நானே பார்த்தேன். பின்னால் லாரி வருகிற ரோடு அது. மான் குறுக்கே வரும்.

பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் முன்பதிவுக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: எத்தனை பேர், எல்லை தாண்டுவீர்களா, வழியில் கழிப்பறை உண்டா. கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படாதீர்கள். அந்த முழு உடுப்பைப் போட்டபின் பெரியவர்களுக்கு அது பெரிய பாடு. சர்க்கரை இருப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவறும், பிஸ்கட்டோ பழமோ கையில் இருக்கட்டும். இன்சுலினை உள்சட்டைப் பையில் வையுங்கள், வெளிப்பையில் உறைந்துவிடும். சைவம் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் கலைமான் கறிக் குழம்புதான் வரும். விசாவுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் போதும், பின்லாந்துக்குத் தனியாக வேண்டாம். அப்புறம், ஒரே ஒரு ராத்திரியை நம்பிப் போகாதீர்கள். மூன்று ராத்திரியாவது தங்குங்கள்.

மூன்றாம் நாள் காலையில் அதே கைடுக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு இன்னொரு முறை காட்டலாம் என்று ஆசை, பணமும் மிச்சம் இருந்தது. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு பின்லாந்து வரைக்கும் மூடியிருக்கு. நான் வண்டி எடுக்கல, பதிவு செஞ்சவங்களுக்கும் பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். அப்பாவைப் பல்கலைக்கழக மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

போனோம். அங்கே கிறிஸ்டியன் பிர்க்கலன்டின் சோதனைக் கருவிக்கு ஒரு மாதிரி இருக்கிறது. 1899இல் அல்தா பக்கம் ஹால்டே மலை உச்சியில் பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து இந்த ஒளியை ஆராய்ந்த நார்வே விஞ்ஞானி அவர். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காந்தப் பந்தைத் தொங்கவிட்டு எலெக்ட்ரான்களைப் பாய்ச்சினார். பந்தின் இரண்டு முனைகளையும் சுற்றி வளையம் ஒளிர்ந்தது. சூரியனிலிருந்து வரும் துகள்களால், காந்தப் புலக் கோடுகள் வழியே மின்னோட்டம் பாய்ந்துதான் இந்த ஒளி உண்டாகிறது என்று அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1917இல் அவர் இறந்தார். செயற்கைக்கோள்கள் மேலே போன பிறகுதான் அவர் சொன்ன மின்னோட்டங்கள் அங்கே இருப்பது உறுதியானது.

அப்பா அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் குனிந்து ரொம்ப நேரம் நின்றார். பக்கத்தில் ஏழெட்டு வயது நார்வேப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். அப்பாவுக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்கு அப்பாவின் மொழி தெரியாது. அப்பா பெட்டிக்குள் இருந்த பந்தைக் காட்டினார், பிறகு தரையைக் காட்டினார், பிறகு கூரையைக் காட்டி விரல்களை மெல்ல அசைத்தார். பையன் தலையாட்டிவிட்டு, தானும் விரல்களை அசைத்தான்.