அந்தப் பேரை மட்டும் விட்டுவிடுங்கள்

நேற்றைய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ரம்முல கோக்கை ஊத்தி, எலுமிச்சையைப் பிழிஞ்சு, ஸ்டைலா ஸ்பானிஷ்ல பேரு வெச்சுட்டானுங்க, அதான் கியூபா லிப்ரே" என்று அதில் ஒருத்தர் சிரிக்கிறார். பாரில் ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். பொறுமையாகத் திருத்தி ஒரு கமெண்ட் போட்டேன். "ஊத்திக் கொடுக்கிறவன் எல்லாம் வரலாறு பேசுறான்" என்று பதில். ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஸ்டைலுக்கு வைத்த பேர் இல்லைங்க அது. 'விடுதலை பெற்ற கியூபா' என்று அர்த்தம். ஸ்பெயினை எதிர்த்துப் போராடியவர்களின் முழக்கம். 1868இல் செஸ்பெதெஸ் என்ற கரும்பாலை முதலாளி தன் அடிமைகளை விடுவித்து முதல் போரைத் தொடங்கினார். 1895இல் விடுதலைப் போராட்டத் தலைவர் ஹொசே மார்த்தி களத்திலேயே உயிரை விட்டார்.

"முதலில் கலந்தது யார், ஆதாரம் இருக்கா?" என்று கேட்பீர்கள். ஹவானா பாரில் அமெரிக்கச் சிப்பாய் என்பார்கள், ஆளுக்கொரு கதை. எனக்கு அதில் அக்கறையே இல்லை. கோக் என்ற பானமே 1886இல்தான் பிறந்தது. முழக்கம் அதற்கும் மூத்தது. அவ்வளவுதான் சொல்கிறேன்.

கப்பல் பாரில் வேலை பார்த்தபோது ஒரு பெரியவர் வந்து "மென்திரித்தா" கேட்டார். புதினா கேட்கிறார் என்று நினைத்துக் கொத்தை எடுத்தேன். கையைப் பிடித்து நிறுத்தி, ரம்மையும் கோக்கையும் காட்டினார். கியூபாவை விட்டு வந்தவர். கியூபா லிப்ரேயைத்தான் அப்படிச் சொன்னார். 'சின்னப் பொய்' என்று அர்த்தமாம். "என் நாடு எப்போ தம்பி விடுதலை ஆச்சு?" என்கிற மாதிரி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1898இல் அமெரிக்காவும் ஸ்பெயினோடு போரில் இறங்கியது. கியூபாவின் சாந்தியாகோ நகரில் ஸ்பெயின் படை சரணடைந்தபோது, கூடவே சண்டை போட்ட தளபதி கார்சியாவின் கியூபப் படையை அமெரிக்கர்கள் ஊருக்குள்ளேயே விடவில்லை. போரை முடித்த பாரிஸ் ஒப்பந்தத்தில் கியூபர்களுக்கு நாற்காலி இல்லை. 1902இல் கியூபாவின் கொடி ஏறியது. ஆனால் தேவைப்பட்டால் அமெரிக்கா தலையிடலாம் என்ற பிளாட் திருத்தம் 1934 வரை கழுத்தில் கிடந்தது. கியூபா மண்ணில் இருக்கும் குவாண்டனாமோ கடற்படைத் தளம் இன்றைக்கும் அவர்கள் கையில்தான். இத்தனையும் நடந்த மண்ணின் பேர் உங்களுக்கு ஸ்டைலா?

குடிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று ஒருத்தர் இன்பாக்ஸில் திட்டுகிறார். நான் குடிப்பதில்லை. பதினோரு வருஷம் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஊற்றிக் கொடுக்கிறவன் படிக்கக் கூடாதா? ஒரு பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கக் கூடாதா? அந்தப் பெரியவர் என்னிடம் பேசினாரே, அவருக்கு அப்படித் தோன்றவில்லையே.

வீடியோவை அழிக்கச் சொல்லவில்லை. ரம் கோக் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமே இல்லை. அந்த முழக்கத்தை வைத்துச் சிரிக்காதீர்கள்.