‘டப் கவிஞர்’ டப்பிங் கலைஞர் அல்லர்

ஜமைக்காவில் பிறந்த ‘டப் கவிஞர்’ ஜீன் ‘பிந்தா’ பிரீஸ் திரைப்படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துப் பிழைத்தவர், ஓய்வு நேரத்தில் கவிதை எழுதியவர் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ‘டப்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நமக்கு டப்பிங் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் செய்தி தவறு.

இந்த ‘டப்’ ஜமைக்காவின் ரெகே என்னும் இசை வகையிலிருந்து வந்தது. பாடகரின் குரலைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு, டிரம்மையும் பேஸ் கிதாரையும் முன்னால் நிறுத்தி, எதிரொலி சேர்த்து உருவாக்கும் இசை அது. அந்தத் தாளக்கட்டில், ஜமைக்கா மக்களின் பேச்சுமொழியில், மேடையில் நிகழ்த்தப்படுவதே டப் கவிதை. பின்னணியில் தாளம் ஒலிக்காவிட்டாலும் வரிகளுக்குள் அது கேட்கும்!

ஆண்களே நிறைந்திருந்த அந்த மேடையில் ஏறிய முதல் பெண்ணாக மதிக்கப்படுபவர் பிரீஸ். ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் நாடகப் பள்ளியில் பயின்றார். 1980களில் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். நாடக இயக்கம், நடனம், நடிப்பு, ஆசிரியப் பணி எனப் பலவும் செய்தார். 2012இல் பிரிட்டிஷ் அரசின் எம்பிஇ விருது பெற்றார். 2021 ஆகஸ்டில் காலமானார்.

அப்போது பிரிட்டிஷ் நாளிதழ்களில் வந்த இரங்கல் குறிப்புகளிலும், அவர் நூல்களை வெளியிட்ட பிளட்ஆக்ஸ் பதிப்பகத்தின் தளத்திலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.