ஈரக்காற்று ஊர்களில் உலர்தூள் மருந்து

நுரையீரல் நோய்களுக்கு மூச்சோடு உள்ளிழுக்கும் உலர்தூள் மருந்துகள் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று, துகள்கள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருந்தால்தான் தொண்டையில் தங்கிவிடாமல் நுரையீரலின் உட்கிளைகளை அடையும் என்பதைத் தெளிவாக விளக்குகிறது. ஆனால் ஈரப்பதத்தை ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு வருத்தமளித்தது. கோடையில் காற்றே கசகசக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் எங்களுக்கு அதுவே முதன்மையான கேள்வி. இவ்வளவு நுண்ணிய துகள்கள் இயல்பாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் பல மருந்துகளில் அவற்றைப் பெரிய லாக்டோஸ் (பால் சர்க்கரை) துகள்களின் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். ஈரம் புகுந்தால் அந்தப் பிணைப்பு இறுகி, மூச்சின் விசைக்கு மருந்து பிரியாமல், லாக்டோஸுடன் சேர்ந்து வாயிலும் தொண்டையிலுமே படிந்துவிடக்கூடும். லூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்து மருந்துக் கரைசலைத் தெளித்து உலர்த்தினால், அது துகளின் மேற்பரப்பில் படிந்து ஈரத்திலிருந்து ஓரளவு காக்கும் என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, இத்தூளை உள்ளிழுக்க உதவும் கருவிகளில் பெரும்பாலானவை நோயாளி மூச்சை இழுக்கும் வேகத்தையே நம்பியுள்ளன. டர்பனின் மெரிபேங்க், சாட்ஸ்வொர்த் பகுதிகளில் ஆஸ்துமாவுடன் வாழும் சிறு குழந்தைகளுக்கும், காசநோய் குணமான பின்னும் நுரையீரல் சிதைந்து மூச்சுத் திணறும் முதியவர்களுக்கும் அந்த வேகம் வாய்க்குமா என்பதை, எங்கள் ஊர் ஈரத்திலேயே கருவியை வைத்துச் சோதிக்காமல் எவரும் உறுதி கூறக் கூடாது. அதுவரை, இம்மருந்தைக் குளியலறையில் வைக்க வேண்டாம் என்றாவது மருந்தகத்தார் ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.