பதிவேடு யாரைப் பிடிக்க?

"குற்றவாளி தன் துப்பாக்கியைப் பதிவு செய்யவா போகிறான், அப்புறம் எதற்கு இந்தச் சட்டம்?" என்று துப்பாக்கிகளைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்லும் சட்டத்தை எதிர்க்கும் ஒரு கட்டுரை கேட்கிறது. அவன் செய்யமாட்டான், சரி. ஆனால் அமெரிக்கா போன்ற நாட்டில் அவன் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு காலத்தில் கடையில் முறைப்படி விற்ற துப்பாக்கிதான். யாரோ தன் பெயரில் வாங்கிக் கைமாற்றியிருப்பார், இல்லையென்றால் திருட்டுப் போயிருக்கும். பதிவேடு அந்த முதல் ஆளைப் பிடிக்கத்தான்.

அமெரிக்காவில் 1986 சட்டம் சாதாரணத் துப்பாக்கிகளுக்கு மத்தியப் பதிவேடு வைப்பதையே தடுக்கிறது. அதனால் கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் போக வேண்டும். முதலில் வாங்கியவர் "எப்போதோ விற்றுவிட்டேன்" என்றால் பல மாநிலங்களில் தடம் அங்கேயே அறுந்துவிடும். எனக்கு இது பெரிய கொடுமையாகப் படுகிறது.

கனடா நீள் துப்பாக்கிப் (ரைஃபிள், ஷாட்கன்) பதிவேட்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2012இல் அதைக் கைவிட்டது உண்மைதான். பதிவு மட்டும் கொலையைக் குறைத்துவிடாது. உரிமம், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சோதனை எல்லாம் சேர்ந்தால்தான் பலன். மனைவியை அடித்தவனிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்க நீதிமன்றம் உத்தரவிட்டால், அவன் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று போலீசுக்கு முதலில் தெரிய வேண்டாமா?