இழவு கேட்க வராதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து திருகோணமலைக்கு வருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் கல்லூரி விடுதி நண்பன் சமீபத்தில் வந்து போனதும் இனி சொல்லாமல் இருக்கக்கூடாது என்று தோன்றிவிட்டது. தயவுசெய்து இழவு வீட்டுக்குள் நுழைகிற முகத்தோடு இங்கே வந்து இறங்காதீர்கள்.

நான் வேலைக்காக இங்கே வந்து பல வருடமாகிறது. வருடா வருடம் விசா புதுப்பிக்கிற வெளிநாட்டுக்காரன்தான். ஆனாலும் தெருவில் இறங்கினால் தமிழ் கேட்கிறது, கோயில் மணி கேட்கிறது, டீக்கடையில் நம்மூர் சினிமாப் பாட்டு ஓடுகிறது. குவைத்தில் இருக்கிற என் அண்ணனுக்கு இதெல்லாம் கிடைக்காது. சிக்கலும் இதில்தான். பேச்சு புரிவதால் ஊரும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

நண்பன் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து வவுனியா வழியாகப் பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். வழியெல்லாம் இடிந்த வீடு ஏதாவது தெரிகிறதா என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தானாம். இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டான். "இங்க யாரெல்லாம் பாதிக்கப்பட்டவங்க? அவங்ககிட்டப் பேசலாமா?" கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. கல்லூரியில் ஈழத்துக்காக உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தவன் அவன். அந்தப் பந்தலையே அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தான், அவ்வளவுதான்.

மறுநாள் கோட்டைக்குள் இருக்கிற கோணேஸ்வரம் கோயிலுக்கு ஓட்டோவில் போனோம். ஏறி உட்கார்ந்து கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை, "அண்ணே, சண்டை நேரத்துல எப்படி இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டான். "இருந்தம்" என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கோட்டை வாசலில் மான்களுக்காக வேகத்தைக் குறைத்தபோது அவர் திருப்பிக் கேட்டார்: "தம்பி, உங்கட ஊரில புது பஜாஜ் ஓட்டோ ஒண்டு என்ன விலை போகுது?" இவனுக்குத் தெரியவில்லை. கார் விலை சொன்னான்! 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை அப்படியே வைத்திருந்ததில் பழைய ஓட்டோக்களின் விலைகூட இங்கே எங்கேயோ போய்விட்டது. அப்புறம் 2022-ல் பெட்ரோலுக்கு கியூஆர் அட்டை கொடுத்து வாரத்துக்கு இத்தனை லீட்டர் என்று அளந்து ஊற்றிய கதையை அவர் சொல்ல ஆரம்பித்தார் பாருங்கள், கோயில் வரைக்கும் நிறுத்தவில்லை. ராத்திரி முழுக்க வரிசையில் கிடந்தது, ஓட்டோவிலேயே தூங்கியது, பக்கத்தில் நின்றவரோடு சண்டை போட்டு அப்புறம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கே போனது எல்லாம் வந்தது. கஷ்டத்தைப் பேச அவர் தயங்கவே இல்லை. எந்தக் கஷ்டத்தைப் பேசுவது என்று மட்டும் அவரே முடிவு செய்கிறார். அந்த உரிமையை அவரிடம் விட்டுவிடலாமே?

கோயிலைப் பற்றி நண்பனுக்கு நிறையத் தெரிந்திருந்தது. சம்பந்தர் பாடிய தலம், 1620களில் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லை வைத்தே கோட்டை கட்டியது, 1950-ல் கிணறு தோண்டும்போது வெண்கலச் சிலைகள் கிடைத்தது, 1956-ல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் மூழ்கிப் பார்த்துக் கடலுக்கடியில் பழைய தூண்களைக் கண்டது. எனக்கே அவன்தான் பாதி சொன்னான். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தபோது மட்டும் வாயை மூடினான்.

புறாத்தீவுக்கும் போனோம். அதற்கு யூடியூப்பில் போதுமான அளவு வீடியோ இருக்கிறது.

பக்கத்து ஊரான கிண்ணியாவுக்கு அழைத்துப் போனது வேண்டுமென்றேதான். 2009-ல் பாலம் திறக்கும் வரை அங்கே போகப் படகுப்பாதைதான். இப்போது பாலத்தில் காற்று வாங்க வருகிற குடும்பங்கள், பள்ளிவாசல்கள், எருமைத் தயிர்ச் சட்டிகள். இவன் மனதில் இருந்த இலங்கையில் இரண்டே பேர்தான், தமிழரும் சிங்களவரும். 2012 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் 40 சதவீதம் பேர் முஸ்லிம்கள் என்றதும் என்னை நம்பாமல் போனை எடுத்துத் தேடிப் பார்த்தான். அவர்கள் பேசுவதும் தமிழ்தான். நம்மூர் மேடைகளில் இந்தப் பக்கத்தை யாரும் பேசிக் கேட்ட ஞாபகம் எனக்கில்லை.

சாயங்காலம் காந்தி சிலைப் பக்கம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். 2006 ஜனவரி 2-ஆம் தேதி ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான் என்று அவனிடம் சொன்னேன். உடனே கடலை விற்கிறவரிடம் கேட்க எழுந்தான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நடந்ததைத் தெரிந்துகொள்ளாதே என்று நான் சொல்லவில்லை. அறிக்கைகள் இருக்கின்றன, படித்துவிட்டு வரலாம். கடலை விற்கிறவர் அதற்குச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

கடைசியில் அவன் தேடி வந்தது அவன் தேடாத இடத்தில்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா அறக்குளா மீன் குழம்பு கொண்டுவந்தார். "அம்மா எப்படி இருக்கிறா தம்பி?" என்று சாதாரணமாகக் கேட்டார். "அம்மா போன வருஷம் தவறிட்டாங்கக்கா" என்றான். அக்கா குழம்புச் சட்டியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்ன நடந்தது, ஆஸ்பத்திரியில் எவ்வளவு நாள் இருந்தார், கடைசியாக என்ன சாப்பிட்டார், நீ பக்கத்தில் இருந்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. அழுதான். துக்கம் விசாரிக்க வந்தவனை இவர் உட்கார வைத்துத் துக்கம் விசாரித்தார்.

அதற்குப் பிறகுதான் அக்கா தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். 1990-ல் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எந்த நாள் என்று வைத்துத் திதி கொடுப்பது? அவர்களுடைய அம்மா சாகும் வரை கொடுக்கவே விடவில்லையாம். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். நண்பன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தன் வீட்டுக் கதையை முதலில் வைத்தான், அவ்வளவுதான்.

மறுநாள் கன்னியாவுக்குப் போக வேண்டும் என்று அவனே கேட்டான். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டானவை என்பது கதை. இன்றைக்கும் இறந்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்குக்கு ஆட்கள் வருகிறார்கள். அந்த இடம் யாருக்கு என்று நீதிமன்றம் வரை போனதும் உண்டு. அதையெல்லாம் அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான்.

டிசம்பர் லீவில் மனைவி பிள்ளைகளோடு திரும்ப வருகிறேன் என்கிறான். இதற்காகவே இன்னொரு பதிவு போட வேண்டும் போலிருக்கிறது. டிசம்பரில் இங்கே வடகீழ்ப் பருவமழை, கடலில் இறங்க முடியாது, புறாத்தீவுக்குப் படகும் பெரும்பாலும் போகாது. பிள்ளைகளோடு வருவதானால் மே மாதம் வாருங்கள், நிலாவெளியில் கடல் குளம்போலக் கிடக்கும். வெயில் கொளுத்தும், அதை மட்டும் குறை சொல்லக்கூடாது.