கரண்ட் வைக்கும்போது அந்த இடத்தைக் கழுவலாமா?
அண்ணாச்சி, கரண்ட், அதாவது புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை, வைத்து முடிகிறவரை அந்த இடத்தில் தண்ணீரே படக்கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் சரியில்லை. தோல் சிவந்து உரிவது கதிர்வீச்சால், தண்ணீரால் அல்ல. நம்ம ஊர் வெக்கையில் கழுவாமல் விட்டால் அக்குளிலும் மார்புக்குக் கீழ் மடிப்பிலும் வியர்வை தேங்கி, உரிந்த தோலில் கிருமி சேரும்.

வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத மென்மையான சோப்பு, உள்ளங்கையால் மெதுவாகக் கழுவினால் போதும். நார், கடலைமாவு போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். துடைத்து இழுத்தால் மேல்தோல் கையோடு வந்துவிடும். நீர் கசிய ஆரம்பித்தால் தாமிரபரணியில் முங்குவதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்தப் பேச்சு கிளம்பியதற்கு, கதிர் படவேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் போடும் மைக்குறியும் ஒரு காரணமாக இருக்கலாம். குறி அழியக்கூடாதுதான், அதன்மேல் தேய்க்காதீர்கள். மங்கினால் வீட்டில் பேனாவால் வரையாமல், சிகிச்சை அறையில் சொல்லுங்கள்.

நாளைக்கு மெஷினில் படுக்கவைக்கும் டெக்னீஷியனிடமே கேட்டுப் பாருங்கள். புற்றுநோயாளிகளின் துணைப் பராமரிப்புக்கான எம்.ஏ.எஸ்.சி.சி. (MASCC) என்ற பன்னாட்டு அமைப்பின் 2013 வழிகாட்டுதலும் மென்மையாகக் கழுவச் சொல்கிறது; இணையத்தில் தேடி வாசிக்கலாம்.